ஓப்பன்வெல் பம்பு எந்த ஃபோல்டரில்?

இந்த முறை கொஞ்சம் வரலாறு. ராஜா ராணி வரலாறு இல்லை, பயப்பட வேண்டாம். ஓர் இணையதளம் கட்டும்போது பக்கங்களை ஃபோல்டர் ஃபோல்டராக, பகுதி பகுதியாகப் பிரித்து வைக்கிறோமே, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்ற கதை. படிப்பது பி.காம்., எழுதுவது கணினி என்று சிரிக்காதீர்கள். கடைசியில் கணக்குப் பதிவியலுக்குத்தான் வந்து நிற்கப் போகிறேன்.

முதலில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமாவுக்குக் கணபதியில் சின்னதாக ஒரு பம்ப்செட் பட்டறை. கோயமுத்தூரில் யாருக்குத்தான் மாமா பட்டறை இல்லை என்கிறீர்களா, அதுவும் சரிதான். "நீதான் கம்ப்யூட்டர்ல பொழுதன்னிக்கும் கெடக்கறயே கண்ணு, நமக்கும் ஒரு சைட்டு போட்டுக் குடு" என்றார். கோடிங் எதுவும் தெரியாமல், இழுத்து ஒட்டினால் பக்கம் வந்துவிடும் வகைத் தளம் ஒன்றில் உட்கார்ந்தேன். இரண்டு நாளில் முப்பது பக்கம் ஆயிற்று. முப்பதும் ஒரே வரிசையில் கிடந்ததைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. ஆகவே 'பொருட்கள்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'வீட்டுக்கு', 'தோட்டத்துக்கு' என்று இரண்டு. 'சர்வீஸ்' என்று தனியாக ஒன்று. மாமாவுக்குப் பரம சந்தோஷம். வாரண்டி கார்டு 2000 அடித்தார். அதில் ஒரு க்யூஆர் கட்டம். அதை மொபைலில் காட்டினால் ஓப்பன்வெல் பம்பின் பக்கம் திறக்கும்; எப்படிப் பொருத்துவது, எந்த வயர் எங்கே என்று படத்தோடு இருக்கும்.

ஓப்பன்வெல் பம்பு கிணற்றுக்கும் போகும், வீட்டுத் தொட்டிக்கும் போகும். நான் அதை 'வீட்டுக்கு' ஃபோல்டரில் வைத்திருந்தேன். மூன்று மாதம் கழித்து மாமா, "இதைத் தோட்டத்துக்காரங்கதான வாங்கறாங்க, அங்க மாத்தீரு" என்றார். சுட்டியால் பிடித்து இழுத்து 'தோட்டத்துக்கு' ஃபோல்டரில் போட்டேன். அரை நிமிட வேலை. தளத்தின் மெனுவும் தானாகவே மாறிக்கொண்டது. அடுத்த வாரம் அன்னூர்ப் பக்கமிருந்து ஒரு போன், பிறகு பல்லடத்திலிருந்து ஒன்று. கார்டில் இருக்கும் கட்டத்தைக் காட்டினால் 'பக்கம் இல்லை' என்று வருகிறதாம். ஃபோல்டர் மாறியதும் பக்கத்தின் முகவரியும் மாறிவிட்டது. கார்டுகளோ ஊர் ஊராகப் போய்விட்டன. மாமா திட்டவில்லை. "ஏஞ்சாமி, அதே பக்கந்தான, எங்க போயிருச்சு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இவ்வளவும் படித்தேன்.

பொருளைப் பிரித்து வைக்கும் இடமும், பொருளைக் கூப்பிடும் பெயரும் ஒன்றாக இருந்தாக வேண்டுமா என்பதுதான் அந்தக் கேள்வி. கணினியில் அந்த இரண்டையும் சேர்த்து முடிந்தவர்கள் யார்?

1960களின் நடுவில் அமெரிக்காவில் எம்.ஐ.டி., பெல் லேப்ஸ், ஜெனரல் எலெக்ட்ரிக் மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற அமைப்பைக் கட்டின. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் காலம் அது. எல்லோருடைய கோப்பும் ஒரே குவியலாகக் கிடந்தால் என்ன ஆவது? 1965ல் டேலி, நியூமன் என்ற இருவர் அதற்கு ஒரு வழி எழுதினார்கள். கோப்புகளைத் தலைகீழ் மரம்போல் வைப்பது. ஒரு கிளைக்குள் இன்னொரு கிளை, அதற்குள் இன்னொன்று. வேரிலிருந்து கிளை கிளையாகப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தால் அதுவே கோப்பின் முழுப் பெயர். அதாவது இருப்பிடமே பெயர். ஒரே கோப்பை இரண்டு கிளையில் காட்டச் சுட்டி வைக்கும் வசதியும் அதிலேயே இருந்தது. அப்போதே அவர்களுக்கும் ஓர் ஓப்பன்வெல் பம்பு இருந்திருக்கும்போல! பின்னால் வந்த யூனிக்ஸ், கிளைக்கும் கிளைக்கும் நடுவில் சாய்கோடு போட்டது. இன்று முகவரிப் பட்டையில் நாம் பார்க்கும் சாய்கோடு அந்த வழியில் வந்ததுதான்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது ஒன்று உண்டு. டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில், ஜெனீவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில், வலை என்ற யோசனையை மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்தார். அந்தத் திட்டத்தில் அவர் குறை சொல்வதே மரத்தைத்தான். உலகத்தில் விஷயங்கள் மரம்போல் இல்லை, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, ஆகவே எதையும் எதனோடும் கட்டும் சுட்டிகள் வேண்டும் என்பது அவர் வாதம். வலை பிறந்ததே மரத்துக்கு எதிராக! ஆனால் பக்கங்களுக்கு முகவரி வேண்டுமே. கையருகில் இருந்தது சர்வரில் இருந்த கோப்பின் பாதை. சாய்கோடு போட்ட அந்த வடிவமே முகவரிக்கும் வந்தது. மரத்தை வாசல் வழியாகத் துரத்தினார், அது முகவரி வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகு சாதாரண ஆட்களும் பக்கம் போட ஆரம்பித்தார்கள். இங்கே ஜியோசிட்டிஸ் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. என் வயதுக்காரர்கள் அதைப் பார்த்ததில்லை. அண்ணன்மார் ஏக்கத்தோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். டேவிட் பானெட், ஜான் ரெஸ்னர் என்ற இருவர் 1994ல் தொடங்கிய நிறுவனம். 1995லிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் வைக்கலாம் என்றார்கள். அதை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? ஃபோல்டர் என்று சொல்லவில்லை, பேட்டை என்றார்கள். சினிமாவா, ஹாலிவுட் பேட்டை. பங்கு, வியாபாரமா, வால் ஸ்ட்ரீட். கணினியா, சிலிக்கான் வேலி. படிப்பு, தத்துவம் என்றால் ஏதென்ஸ். ஒவ்வொரு பேட்டையிலும் நான்கு இலக்கக் கதவு எண். காலி வீடாகப் பார்த்து நீங்கள் குடியேற வேண்டும். உங்கள் முகவரி 'ஜியோசிட்டிஸ், ஏதென்ஸ், 1234' என்ற மாதிரி இருக்கும். பேட்டை நிரம்பியதும் அதற்குள் உட்பேட்டை. நம்ம ஊரில் காந்திபுரம் நிரம்பிக் குறுக்குத் தெருக்கள் முளைத்ததுபோல.

அழகான யோசனைதான், நான் மறுக்கவில்லை. புதிதாக வந்தவனுக்கு, 'நான் எங்கே இருக்கிறேன், பக்கத்து வீட்டில் யார்' என்று புரியும். கம்ப்யூட்டர் என்றால் பயந்த தலைமுறைக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஏதென்ஸில் திருக்குறள் பற்றி எழுத வந்தவன் ஒரு வருடம் கழித்துச் சினிமாப் பாட்டு எழுத ஆரம்பித்தால் என்ன செய்வான்? வீட்டைக் காலி செய்ய மாட்டான். காலி செய்தால் அவன் முகவரியைக் குறித்து வைத்த எல்லோருக்கும் அவன் தொலைந்துபோவான். ஆகவே அங்கேயே இருந்துகொண்டு சினிமா எழுதுவான். பேட்டையின் பெயருக்கும் வீட்டுக்குள் நடப்பதற்கும் சம்பந்தம் இல்லாமல் போகும். 1999ல் யாஹூ ஜியோசிட்டிஸை வாங்கியது. அதன் பிறகு வந்தவர்களுக்குப் பேட்டையும் கதவு எண்ணும் கிடையாது, வெறும் பயனர் பெயர்தான் முகவரி. 2009 அக்டோபர் 26 அன்று ஊரையே இடித்துவிட்டார்கள். (ஜப்பானில் மட்டும் 2019 மார்ச் வரை தாக்குப்பிடித்தது.) ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டமும் இன்டர்நெட் ஆர்க்கைவும் ஓடி ஓடி முடிந்தவரை நகல் எடுத்திருக்காவிட்டால் ஒரு செங்கல்கூட மிஞ்சியிருக்காது.

யாஹூவின் கதையும் கிட்டத்தட்ட இதேதான், ஆனால் அளவு பெரியது. 1994ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் தங்களுக்குப் பிடித்த தளங்களைப் பட்டியல் போட ஆரம்பித்தார்கள். பட்டியல் நீண்டதும் தலைப்புகளாகப் பிரித்தார்கள். தலைப்பும் நீண்டதும் உட்தலைப்பு. 1995ல் இந்தப் பிரிக்கும் வேலைக்கென்றே ஸ்ரீனிஜா சீனிவாசன் என்பவரைச் சேர்த்துக்கொண்டார்கள். நிறுவனத்தின் முதல் சில ஊழியர்களில் ஒருவர். உலகத்தில் உள்ள எல்லாத் தளங்களையும் எந்தப் பெட்டியில் போடுவது என்று யோசிப்பதே அவருக்கு வேலை! ஒரு தளம் இரண்டு இடத்தில் பொருந்தினால் என்ன செய்வது என்பதற்கு யாஹூ ஒரு தந்திரம் வைத்திருந்தது. ஒரு பிரிவின் பெயருக்குப் பின்னால், மின்னஞ்சலில் வருமே, அந்த 'அட்' குறி இருந்தால், 'இதன் உண்மையான வீடு வேறு இடத்தில், இங்கே வாசல் மட்டும்' என்று அர்த்தம். மல்டிக்ஸில் பார்த்தோமே, அதே சுட்டி. ஆட்களை வைத்துப் பிரித்த அந்தப் பட்டியல் 2014 டிசம்பரோடு மூடப்பட்டது. அதற்குள் மக்கள் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டுத் தேடுபெட்டியில் இரண்டு வார்த்தை தட்டப் பழகிவிட்டார்கள்.

பெட்டியில் போடுவதில் உள்ள இந்தத் தொல்லையை இணையத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே மண்டையைப் போட்டு உடைத்தவர் ஒருவர் நம் பக்கத்திலேயே உண்டு. சீர்காழிக்காரர் சீ. இரா. அரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அப்போது நூலகங்களில் பரவியிருந்தது 1876ல் வந்த டூயி முறை. அது அச்சு அசல் மரம். ஒவ்வொரு தலைப்புக்கும் முன்கூட்டியே ஓர் அறை. லண்டனுக்குப் படிக்கப் போன அரங்கநாதன் அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தாராம். துண்டு துண்டான பட்டைகள், திருகாணிகள். எதை எதோடு சேர்க்கிறோமோ அந்தப் பொம்மை. தலைப்புகளுக்கும் அப்படிச் செய்தால் என்ன? 1933ல் அவருடைய கோலன் பகுப்பு முறை வந்தது. என்ன பொருள், எந்தச் செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று ஒரு நூலின் முகங்களைத் தனித்தனியாகக் குறித்து முக்காற்புள்ளி போன்ற குறிகளால் சேர்ப்பது. 'கோவை மாவட்டத்தில் பருத்திப் பூச்சி, 1930கள்' என்ற நூலை வேளாண்மையா, பூச்சியியலா, கோவையா என்று ஒரே அறைக்குள் திணிக்க வேண்டாம்; எல்லா முகமும் எண்ணிலேயே வந்துவிடும். இன்றைக்கு நாம் ஒரு பக்கத்துக்கு நான்கு குறிச்சொல் போடுகிறோமே, அதன் தாத்தா என்று இதைச் சொல்லலாம். ஆனால் நூலகத்தில் புத்தகம் ஒன்றுதான், அலமாரியில் அதற்கு இடமும் ஒன்றுதான். அவருக்கு இருந்த அந்தக் கட்டாயம் நமக்கு இல்லை. பக்கத்துக்கு எடை கிடையாது. எத்தனை அலமாரியிலும் அது தெரியலாம்.

இன்னும் பின்னால் போனால் சங்கத் தொகைநூல்களைத் தொகுத்தவர்களும் இதே வேலையைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஒரே மாதிரிச் சரக்கை இரண்டு பேர் இரண்டு விதமாக அடுக்கியதை அங்கே பார்க்கலாம்.

ஐங்குறுநூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இரும்பொறை என்றதும் நம் ஆட்கள் காதைத் தீட்டிக்கொள்ளலாம். கரூர்ப் பக்கம் புகளூர் மலைக்குகைக் கல்வெட்டில் இருக்கும் பெயர் அது. தொகுத்தவர் கூடலூர் கிழார். மொத்தம் 500 பாட்டு. மருதம் 100, நெய்தல் 100, குறிஞ்சி 100, பாலை 100, முல்லை 100. ஒவ்வொரு நூறும் ஒரே புலவர். ஒவ்வொரு நூறுக்குள்ளும் பத்துப் பத்து, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு பெயர். ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர், அதற்குள் பக்கம்! இந்த அடுக்கினால் வந்த லாபம் ஒன்றைப் பாருங்கள். 129, 130 ஆகிய இரண்டு பாட்டும் இன்று கிடைக்கவில்லை. ஆனால் தொலைந்தது என்ன என்று நமக்குத் தெரியும். நெய்தல் பாட்டு, அம்மூவனார் எழுதியது, கிழவற்கு உரைத்த பத்தின் கடைசி இரண்டு. பாட்டு இல்லை, அதன் முகவரி மட்டும் இருக்கிறது. 'பக்கம் இல்லை' என்ற அறிவிப்பின் மிகப் பழைய தமிழ் உதாரணம் என்று இதைச் சொன்னால் தமிழ் ஐயா அடிக்க வரமாட்டார் என்று நம்புகிறேன். :-)

அகநானூறு இதற்கு நேர்மாறு. 400 பாட்டு, பல புலவர்கள், பல திணைகள். தொகுத்த உருத்திரசன்மர் திணைவாரியாகப் பிரித்து வைக்கவில்லை. எல்லாவற்றையும் கலந்து வைத்துவிட்டு, எண்ணுக்குள் திணையை ஒளித்து வைத்தார். ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி. 4ல் முடிந்தால் முல்லை, 6 என்றால் மருதம், 10, 20 என்று பத்தின் மடங்கு என்றால் நெய்தல். 147ஆம் பாட்டா, பார்க்காமலே பாலை என்று சொல்லலாம். 36 என்றால் மருதம். புத்தகத்தை முதலிலிருந்து படிப்பவனுக்கு ஒரே திணை நூறு பாட்டு அலுக்காது, மாறி மாறி வரும். நெய்தல் மட்டும் வேண்டும் என்பவனும் பத்துப் பத்தாகத் தாவிப் படித்துக்கொள்ளலாம். ஃபோல்டரே இல்லாமல் பிரிவு! முதலில் இதைப் படித்தபோது உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன்.

இருந்தாலும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். இது எழுதி முடித்த தொகுப்புக்குத்தான் சரி. 401ஆம் பாட்டு ஒரு முல்லைப் பாட்டாக வந்து நின்றால் எங்கே வைப்பது? பாலை 200, குறிஞ்சி 80, மற்றவை நாற்பது நாற்பது என்று கணக்கு முடிந்துபோயிற்று. மாமாவின் தளம் அப்படி முடிகிற விஷயம் இல்லை. வருடத்துக்கு நான்கு புது மாடல் விடுகிறார்.

வளர்ந்துகொண்டே இருக்கும் தொகுப்புக்கு என்ன செய்வது என்பதை நம் காலத்தில் செய்து காட்டியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கினார். உலகம் பூராவும் இருந்த தன்னார்வலர்கள் ஊதியம் இல்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து போட்டார்கள். அவர்கள் சங்க இலக்கியம், பக்தி, புதினம் என்று ஃபோல்டர் போட்டு முகவரி வைக்கவில்லை. வந்த வரிசையில் ஒவ்வொரு நூலுக்கும் நான்கு இலக்க எண் கொடுத்தார்கள். 0001 திருக்குறள். அந்த எண்தான் கோப்பின் பெயர். ஃபோல்டர் என்று இருப்பது எழுத்துக் குறியாக்கத்தைப் பொறுத்தது. நூலின் வகையைப் பொறுத்தது இல்லை. எண் வரிசையில் பார்க்க வேண்டுமா, ஆசிரியர் வரிசையில் பார்க்க வேண்டுமா, அதற்குத் தனித்தனிப் பட்டியல். பட்டியலை நாளைக்கே கலைத்துப் புதிதாக அடுக்கலாம். 0001 அசையாது. இடையில் தமிழ் எழுத்துரு உலகமே தலைகீழாகப் புரண்டது. மயிலை, திஸ்கி, பிறகு யூனிகோட். அத்தனை மாற்றத்திலும் நூலின் எண் மாறவில்லை. ஈழத்து நூல்களைச் சேர்க்கும் நூலகம் திட்டம் 2005ல் வந்தது. அங்கும் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு நூலக எண்.

எண் வைத்ததில் தமிழுக்கென்று ஒரு தனி நன்மையும் இருக்கிறது. முகவரியில் தமிழ் எழுத்து வந்தால் அதை நகலெடுத்து ஒட்டும்போது சதவீதக் குறியும் எண்ணுமாகப் பல்லைக் காட்டும். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அங்கே ஒன்பது எழுத்தாக விரியும். 'பம்பு' என்ற சின்னச் சொல் ஐந்து குறி, ஆக 45 எழுத்து! இதை வாரண்டி கார்டில் அச்சடித்தால் கார்டில் வேறு எதற்கும் இடம் இருக்காது. பிளாக்கர் தளத்தில் தமிழில் மட்டும் தலைப்பு வைத்தால் நடந்தது இன்னொரு கூத்து. முகவரிக்கு லத்தீன் எழுத்து கிடைக்காமல் எல்லா இடுகைக்கும் 'பிளாக் போஸ்ட்' என்றே பெயர் விழும். பின்னால் ஓர் எண் மட்டும் வேறுபடும். அசிங்கமாக இருக்கிறது என்று பலர் புலம்பியிருக்கிறார்கள். எனக்கோ இப்போது அந்த அசிங்கத்தின் மேல் ஒரு மரியாதை வந்திருக்கிறது. ஆண்டு, மாதம், ஓர் எண். எந்தப் பிரிவின் பெயரும் அதில் இல்லை. 2006ல் அங்கே லேபிள் வசதி வந்தபோது எல்லோரும் பழைய இடுகைகளை வகை பிரித்துக்கொண்டார்கள். ஒரு முகவரிகூட உடையவில்லை.

விக்கிப்பீடியாவும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. 2001ல் தொடங்கிய புதிதில் அங்கே கட்டுரைக்குக் கீழ் கட்டுரை என்று சாய்கோடு போட்ட துணைப்பக்கங்கள் இருந்தன. எதற்குக் கீழ் எதை வைப்பது என்ற சண்டை தீராததால் கட்டுரைகளுக்கு அதை விட்டுவிட்டார்கள். பிறகு 2004ல் பகுப்பு வந்தது. 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் அதேதான். ஒரு கட்டுரையின் அடியில் எத்தனை பகுப்பும் இருக்கலாம், எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், போடலாம். கட்டுரையின் பெயர் அப்படியே இருக்கும்.

பெர்னர்ஸ்-லீயே 1998ல் இதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். நல்ல முகவரி மாறாது என்பது அதன் சாரம். முகவரியில் தலைப்பு, பிரிவு, எழுதியவர் பெயர், 'புதியது' 'பழையது' என்ற நிலை எதையும் வைக்காதே, உருவான தேதி வேண்டுமானால் வைத்துக்கொள் என்கிறார். தேதி மட்டும் ஏன்? நடந்த தேதி பிறகு மாறாது அல்லவா!

இதைப் படித்தபோதுதான் எனக்குப் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் பதிவியல் ஞாபகம் வந்தது. நடவடிக்கை நடந்ததும் தேதி வரிசையில் எழுதுவது குறிப்பேடு. அதிலிருந்து கணக்கு வாரியாக எடுத்தெழுதுவது பேரேடு. 1494ல் வெனிஸில் லூகா பாசியோலி அச்சில் கொண்டுவந்த முறை அது. இரண்டையும் இணைக்கக் குறிப்பேட்டில் பேரேட்டுப் பக்க எண்ணுக்கென்று ஒல்லியாக ஒரு பத்தி இருக்கும். தேதி வரிசை வேறு, வகை வேறு என்று இரண்டு புத்தகமாகவே வைத்துவிட்டார்கள். ஒன்றை மாற்றி அடுக்கினால் மற்றது கலையாது. நானோ மாமாவின் தளத்தில் பேரேட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் நடுவில் கிழித்து ஒட்டியிருக்கிறேன்.

தளம் கட்டித் தரும் கருவிகள் இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றுகின்றன என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லாமல் விடுகின்றன. 1995ல் வந்து மறு வருடமே மைக்ரோசாஃப்ட் வாங்கிய ஃபிரண்ட்பேஜ் என்ற மென்பொருளில், ஒரு கோப்பை ஃபோல்டர் மாற்றினால் உங்கள் தளத்தில் உள்ள மற்றச் சுட்டிகளை அதுவே திருத்திவிடும். அன்றைக்கு அது மந்திரம் மாதிரி. இன்றைய கருவிகளிலும் அந்த மந்திரம் உண்டு. ஆனால் அது வீட்டுக்குள் இருக்கும் கதவை மட்டும்தான் சரி செய்யும். வெளியில் யாரோ எழுதி வைத்த முகவரியை, அச்சடித்த கார்டை, அப்புச்சியின் டைரியில் உள்ள குறிப்பை அது எப்படித் திருத்தும்? வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருப்பதால் வெளியே உடைந்தது நம் கண்ணில் படுவதே இல்லை. எனக்கு நடந்ததும் அதுதான். சில கருவிகளில் ஃபோல்டர் என்பது மெனுவுக்கு மட்டும், முகவரியில் ஒட்டாது. சிலவற்றில் ஒட்டும். நீங்கள் ஒரு தளம் கட்டப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே வெறும் பக்கம் ஒன்றை ஃபோல்டர் மாற்றிப் பார்த்து, முகவரி மாறுகிறதா என்று கவனியுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

மாமாவின் பட்டறையில் வயதான கணக்குப்பிள்ளை ஒருவர் இருக்கிறார். கணினியில் கணக்கு ஏற்றினாலும் இன்றும் கைப்பேரேடு எழுதுபவர். இரண்டாவது நாள் நான் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தபோது என்னவென்று கேட்டார். சொன்னேன். "பேரேட்டுல ஒரு பார்ட்டி கணக்கு பக்கம் ரொம்பிப் போச்சுன்னா வேற பக்கத்துக்குக் கொண்டு போவமுங்க தம்பி. பழைய பக்கத்தக் கிழிக்க மாட்டம். 'இது 84ஆம் பக்கம் பார்க்க'ன்னு அடியில எழுதி வெப்பம். அப்பிடி ஒண்ணு உங்கொ பொட்டியில இல்லீங்களா?" என்றார்.

இருந்தது. 1996லேயே எழுதி வைத்த விதியில் இருக்கிறது. 'பக்கம் இல்லை' என்பதற்கு 404 என்று ஓர் எண் இருப்பதுபோல, 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, இங்கே போ' என்பதற்கு 301. அமைப்புகளுக்குள் மூன்று அடுக்கு உள்ளே போய்த் தேடினால் பழைய முகவரி, புதிய முகவரி என்று இரண்டு கட்டம் இருந்தது. நிரப்பினேன். கார்டு திரும்ப வேலை செய்தது.

அதோடு விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முப்பது பக்கத்தையும் ஃபோல்டரிலிருந்து வெளியே எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் மாடல் எண்ணே முகவரி. 'வீட்டுக்கு', 'தோட்டத்துக்கு' என்பவை இப்போது மெனுவில் மட்டும் இருக்கும் இரண்டு பட்டியல்கள். ஓப்பன்வெல் பம்பு இரண்டிலும் இருக்கிறது. முப்பது பழைய முகவரிக்கும் '84ஆம் பக்கம் பார்க்க' போட்டாயிற்று. கடைசிப் பக்கம் முடியும்போது மணி இரவு பதினொன்று.

நேற்று மாமா போன் செய்தார். 'தோட்டத்துக்கு' என்பதை எடுத்துவிட்டு 'விவசாயம்' என்று மாற்ற வேண்டுமாம்.